ஏறும்போது மூச்சை விட வேண்டும்

இதை எழுத எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. இருந்தால் படியுங்கள், இல்லையென்றால் மன்னித்துவிடுங்கள். நான் பத்தாவது வரை படித்தவள். வைத்தியம் தெரியாது. எங்கள் தெரு அங்கன்வாடியில் கர்ப்பிணிப் பெண்களுக்குக் கூட்டம் நடந்தபோது, மருமகளோடு பிரசவ அறைக்குள் இருந்தவள் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். வலியைத் தாங்க என்னென்ன செய்தீர்கள் என்று சொன்னால் பிள்ளைகளுக்குத் தைரியமாக இருக்கும் என்றார்கள். எழுந்து நின்றேன். எல்லா முகமும் என்னைப் பார்த்தது. "நல்லபடியா நடந்துச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அது பொய் இல்லை. ஆனால் நடுவில் நான் செய்த தப்பை விழுங்கிவிட்டேன். அன்றிலிருந்து அது தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. வாயால் சொல்ல வராததைக் கையால் எழுதிப் பார்க்கிறேன்.

பெயர் எதுவும் போடவில்லை. மருமகளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க மாமி. நான் கத்துனதை மட்டும் கொஞ்சம் கொறச்சு எழுதுங்க" என்றாள். அதைக் குறைத்தால் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

எங்கள் வீட்டில் சங்கு குளிப்பதுதான் தொழில். என் வீட்டுக்காரர் கண்ணாடி மட்டும் மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி இறங்கி, மணலில் கிடக்கும் சங்கைக் கையால் தடவி எடுத்து வந்தவர். இப்போது காது மந்தமாகிக் கரையில் இருக்கிறார். மகன் காலத்தில் எல்லாம் மாறிவிட்டது. படகில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வரும் ரப்பர் குழாயை வாயில் வைத்துக்கொண்டு கீழே நெடுநேரம் கிடப்பான். அப்பாவுக்கு அதில் ஒரு இளக்காரம். "நாங்கல்லாம் கடலுக்குள்ள போனோம். இவன் ஆஸ்பத்திரியில கெடக்க மாதிரி குழாய மாட்டிக்கிட்டுக் கெடக்கான்" என்பார்.

இந்த இரண்டு விதத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மேலே இருந்து மூச்சை அடக்கிப் போகிறவர், மேலே வரும்வரை அடக்கியே வரலாம். குழாயில் மூச்சு வாங்குகிறவன் அப்படி வரக் கூடாது. கீழே அழுத்தத்தில் வாங்கிய காற்று, ஏற ஏற நெஞ்சுக்குள் விரியும். விட்டுக்கொண்டே ஏற வேண்டும். அடக்கினால் நெஞ்சு தாங்காது. மகனோடு சங்கு குளிக்கிற ஒருவன் பதறிப்போய் மூச்சை அடக்கி ஏறி, படகில் ரத்தமாகத் துப்பினான். பிழைத்துக்கொண்டான், ஆனால் அதற்குப் பிறகு கடலுக்கு வரவில்லை.

கல்யாணமான புதிதில் மருமகள் இந்தக் கதையைக் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவன் வீட்டுப் படியில் கால் வைக்கும்போது அவள் கேட்பது ஒரே கேள்விதான்.

"ஏறும்போது விட்டியளா?"

"விட்டேன்ளா. வழியை விடு, பசிக்கு."

தினமும் இதுதான். காபி குடித்தீர்களா என்று கேட்பதுபோல ஆகிவிட்டது. பக்கத்தில் இருக்கும் எனக்கு அது காதில் விழுந்தும் விழாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எந்த வலிக்கும் ஒரே மருந்துதான். தம் பிடி. கெளிறு மீன் முள் குத்தினால் தம் பிடி. புண்ணில் மருந்து வைத்தால் தம் பிடி. என் வீட்டுக்காரர் எனக்குச் சொன்னார், நான் மகனுக்குச் சொன்னேன். மகனைப் பெற்றபோதும் அப்படித்தான் கிடந்தேன். வாய் திறக்கவில்லை. மூச்சைப் பிடித்து, சேலை முந்தானையைக் கடித்துக்கொண்டு பெற்றேன். "அவ பெத்தது பக்கத்துக் கட்டிலுக்கே தெரியாது" என்று தெருவில் இன்றும் சொல்வார்கள். எனக்கு வேறு எதிலும் பேர் கிடையாது. நன்றாகச் சமைக்கிறாள் என்றுகூட யாரும் சொன்னதில்லை. இந்த ஒன்றில்தான் பேர்.

மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. தலைப்பிரசவம் என்பதால் மருமகள் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். எங்கள் வீட்டில் இருந்து இரண்டு தெருதான். மகன் கடலுக்குப் போய்விட்டான். காலை ஏழு மணி இருக்கும், அவள் அம்மா போன் செய்தாள். "மைனி, வலி வந்துட்டு. ஆட்டோ வாசல்ல நிக்கி. நீங்களும் வாங்க."

அரசாங்க ஆஸ்பத்திரி. பிரசவ அறைக்குள் கூட இருக்க ஒரு பெண்ணை விடுவார்கள். அவள் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நின்றாள். மருமகள் வாசல் கம்பியைப் பிடித்தபடி, "அம்மா வேண்டாம். மாமி வரட்டும்" என்றாள்.

"ஏளா, பெத்தவ இங்கன குத்துக்கல்லு மாதிரி நிக்கேன்."

"நீ எனக்கு முன்னாடி அழுதுருவம்மா. மாமின்னா பேசாம இருப்பாங்க."

அவள் அம்மா என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, ஓடிவிடலாம் போலவும் இருந்தது. பேசாமல் இருப்பதற்காக ஒருத்தி என்னைத் தேர்ந்தெடுத்தது அதுதான் முதல் தடவை.

மருமகளுக்கு ஒரே பயம்தான். அவளுடைய அக்காவுக்கு ஆபரேஷன் பண்ணிப் பிள்ளை எடுத்தார்கள். தையல் பழுத்து, குடம் தூக்க முடியாமல், குனிய முடியாமல் அவள் பல மாதம் பட்ட பாட்டை இவள் கூட இருந்து பார்த்தவள். "கிழிக்காமப் பெத்துக்கிடணும் மாமி" என்று ஆட்டோவில் வரும்போதே மூன்று தடவை சொல்லிவிட்டாள். வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் ஊசியும் வேண்டாம் என்றாள். ஆபரேஷன் செய்தால்தான் பிள்ளை பிழைக்கும் என்றால் செய்துதான் ஆக வேண்டும், அது அவளுக்கும் தெரியும். தெரிந்தால் பயம் போய்விடுமா.

உள்ளே இருந்த நர்ஸ் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நல்ல மாதிரி. படுத்துக் கிடக்காதே, நட என்றார். நடந்தோம். ஜன்னல்வரை போய்த் திரும்புவோம். வெளியே துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இரைந்துகொண்டே இருந்தன. ஒரு கப்பல் ஊதியது. வலி வந்தால் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், போனதும் நடப்பாள். உட்கார ஒரு பெரிய ரப்பர் பந்து இருந்தது. அதில் உட்கார்ந்து இடுப்பைச் சுழற்றச் சொன்னார் நர்ஸ். கொஞ்ச நேரம் சுகமாக இருந்தது, பிறகு "இது வேண்டாம்" என்று எழுந்துவிட்டாள். வெந்நீர்ப் பையை முதுகில் வைத்தேன். இரண்டு தடவை கேட்டு வாங்கினாள், மூன்றாவது தடவை தட்டிவிட்டாள். அவள் அம்மா வாட்ச்மேன் மூலம் சுக்கும் கருப்பட்டியும் போட்ட வெந்நீர் அனுப்பினாள். நர்ஸிடம் கேட்டு இரண்டு வாய் கொடுத்தேன்.

கடைசிவரை வேண்டாம் என்று சொல்லாதது ஒன்றுதான். இடுப்புக்குக் கீழே, வால் எலும்புக்கு மேலே, உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து அழுத்துவது. நர்ஸ் என் கையைப் பிடித்து இடத்தைக் காட்டினார். "தடவாதீங்கம்மா, அழுத்துங்க. கதவைத் தள்ளுத மாதிரி." தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டு அழுத்தினேன். வலி வரும்போது அவளே என் கையைத் தேடுவாள். எனக்கும் அந்த வேலை பிடித்திருந்தது. பேச வேண்டியதில்லை.

நண்பகலுக்கு மேல் வலி நெருங்கி வந்தது. அந்த நேரம் பார்த்து இன்னொரு கட்டிலில் ஒருத்திக்குப் பிள்ளை தலை தெரிகிறது என்று நர்ஸ் ஓடிவிட்டார். மருமகள் என் கையை நசுக்கினாள். "மாமி, என்னமாவது சொல்லுங்க. முடியல" என்றாள்.

என்னமாவது சொல்லு என்று யாராவது கேட்டால் எனக்கு எதுவும் வராது. அன்று வந்தது. அவள் காதருகில் குனிந்து, "தம் புடிளா" என்றேன்.

அவள் பிடித்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவளுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நீளமாக விடு என்றுதான் சொல்லியிருந்தார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு நான் சொன்னதைக் கேட்டாள். கண்ணை இறுக மூடி, வாயைப் பூட்டி, முகம் சிவக்கச் சிவக்கப் பிடித்தாள். வலி போனதும் மீன் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். அடுத்த வலிக்கும் பிடித்தாள். அதற்கடுத்ததற்கும். ஒரு சத்தம் இல்லை. என்னைப்போலவே இருக்கிறாளே என்று எனக்குப் பூரிப்பாக இருந்தது. அதை இன்று எழுதக் கை கூசுகிறது. அவள் விரல்கள் மடங்கிக்கொண்டு வந்தன. கை மரத்துப்போகிறது என்றாள். நான் தேய்த்துவிட்டேன்.

நர்ஸ் திரும்பி வந்து பிள்ளையின் துடிப்பைப் பார்க்கும் கருவியை வயிற்றில் வைத்தார். குதிரை ஓடுவதுபோலக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம், வலி வந்ததும் மெதுவானது. வலி போன பிறகும் உடனே ஏறவில்லை.  நர்ஸ் அவளை இடது பக்கம் திருப்பிப் படுக்க வைத்தார். அடுத்த வலிக்கும் அப்படியே. டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். அவர் வந்து, பார்த்து, "அரை மணி நேரம் பார்ப்போம். இப்படியே இருந்தா ஆபரேஷன்தான். கையெழுத்து வாங்கி வச்சிருங்க" என்று சொல்லிப் போனார்.

மருமகள் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நர்ஸ் அவள் தலையைத் தடவி, "மூச்சை அடக்குதியா?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். "இல்ல சிஸ்டர்" என்றாள்.

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கையெழுத்துக்கு அவள் அம்மாவை அழைத்துவரச் சொன்னார்கள். வெளியே வந்தேன். வராந்தாவில் அவள் அம்மா சாமான்களைப் பரப்பிப் போட்டிருந்தாள். ஒருத்தி வலியில் கிடந்தால் அவளைச் சேர்ந்தவர்கள் பக்கத்தில் எந்த முடிச்சும் இருக்கக் கூடாது என்று எங்களில் சிலருக்கு நம்பிக்கை. துணி மூட்டையை அவிழ்த்திருந்தாள். பிளாஸ்டிக் பைகளின் முடிச்சை அவிழ்த்திருந்தாள். தன் கொண்டையையும் அவிழ்த்துவிட்டுத் தலைவிரித்து உட்கார்ந்திருந்தாள். வாட்ச்மேன் தலைக்குமேல் நின்றார்.

"என்னம்மா, ஆஸ்பத்திரியில கடை போட்டிருக்கிய?"

"முடிச்சு இருக்கப்படாது அண்ணாச்சி. ஒம்ம கையில கெடக்க கயித்தையும் கொஞ்சம் அவுத்துருமே."

"இது அம்மன் கயிறு."

"சாமி கோவிச்சுக்கிடாது. அதுவும் பிள்ள பெத்த சாமிதானே."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் அம்மா என்னைப் பார்த்து, "மைனி, ஒங்ககிட்ட முடிச்சு ஏதும் இருக்கா? பாருங்க" என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். வாயில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். நான் ஓடவில்லை. அங்கேயே அவிழ்த்துப் போட்ட துணிகளுக்கு நடுவில் நின்றேன். உட்கார்ந்தேன். எழுந்தேன். தண்ணீர்க் குழாய்வரை நடந்து திரும்பினேன். என்னால்தான் இப்படியா, இல்லை இது தானாக வந்ததா. யாரிடம் கேட்பது. மாதாவே என்று சொல்ல வாய் வந்தது, மேலே சொல்ல வரவில்லை.

போன் அடித்தது. மகன். பின்னால் படகுச் சத்தமும் ஆள் சத்தமும் கேட்டன. "அம்மா, இப்பதான் கரைக்கு வந்தேன். அவ எப்படி இருக்கா?"

 என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே, "ஏலே, ஏறும்போது விட்டியா?" என்று கேட்டேன்.

 "அவ இல்லன்னு நீ கேக்கியா? விட்டேன்மா. அவ எப்படி இருக்கா?"

"வா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டு உள்ளே போனேன். போனேன் என்ன, ஓடினேன்.

அவள் அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வெளியே அனுப்பியிருந்தார்கள். நர்ஸ் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்றேன். "சிஸ்டர், அவ மூச்சை அடக்குதா. நாந்தான் அடக்கச் சொன்னேன்."

நர்ஸ் பேனாவை வைத்தார். "என்னம்மா நீங்க. அவ அடக்குனா உள்ள இருக்க பிள்ளைக்குக் காத்து எங்கன இருந்து போகும்?"  வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை. "அடக்கச் சொன்ன வாய்தானே, அதே வாயால விடச் சொல்லுங்க. சத்தமாச் சொல்லணும். இந்த வலியில அவளுக்குக் காது கேக்காது."

மருமகள் பக்கத்தில் போய் அவள் முகத்தை என் பக்கம் திருப்பினேன். "நான் தப்பாச் சொல்லிட்டேன்ளா. ஒன் மாமா மாதிரி அடக்காத. ஒன் வீட்டுக்காரன் மாதிரி வா. நீ இப்ப கீழ கெடக்கல, ஏறுத. விட்டுக்கிட்டே ஏறு."

வலி வந்தது. அவளால் முடியவில்லை. பழகிய வாய் பூட்டிக்கொண்டது. "எப்படி மாமி" என்று கண்ணால் கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். "ஆ" என்று அடிவயிற்றில் இருந்து நீளமாக விட்டேன். என் குரல் அவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. கோயிலில் பாட்டுப் பாடும்போதுகூட உதட்டை மட்டும் அசைக்கிறவள் நான். மறைப்புக்கு அந்தப்பக்கம் இருந்த பெண்ணின் அக்கா எட்டிப் பார்த்தாள். "யாருக்கு வலி மைனி? ஒங்களுக்கா, அவளுக்கா?"

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வலியிலும் வந்தது. சிரித்ததில் பூட்டு விட்டு மூச்சு வெளியே வந்தது. "அதுதான், அதுதான், அப்படியே விடு" என்றார் நர்ஸ்.

அடுத்த வலிக்கு இருவரும் சேர்ந்து கத்தினோம். கீச்சென்று கத்தக் கூடாது, மாடு கத்துவதுபோல அடித்தொண்டையில் விட வேண்டும் என்று நர்ஸ் சொன்னார். விட்டோம். நான் "ஏறு, ஏறு" என்பேன், அவள் விடுவாள். கட்டிலின் தலைப்பக்கக் கம்பியைப் பிடித்து முழங்காலில் நிற்க வேண்டும் என்றாள். நர்ஸ் சரி என்றார். நான் பின்னால் நின்று இடுப்பை அழுத்தினேன். துடிப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். மூன்றாவது வலிக்கோ நான்காவதற்கோ அந்தச் சத்தம் இறங்கி உடனே ஏறியது. பிறகு அவ்வளவாக இறங்கவே இல்லை. டாக்டரம்மா வந்து கேட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் விடலாம்" என்றார். அந்தக் கொஞ்சம் எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை. அந்த நேரம் முழுக்க நான் அவள் இடுப்பில் இருந்து கையை எடுக்கவில்லை.

அங்கன்வாடிக் கூட்டத்தில் நான் உட்கார்ந்த பிறகு ஒரு பெண், மூச்சுப் பயிற்சியெல்லாம் செய்தால் வலி போய்விடுமா என்று கேட்டாள். போகவில்லை. வலி அப்படியே இருந்தது. ஆனால் அதற்குள் கிடந்து முழிக்காமல், அதோடு சேர்ந்து போக ஒரு வழி கிடைத்தது. மருமகள் பிறகு சொன்னது இது, என் சொல் இல்லை. துடிப்பு குறைந்ததற்கு மூச்சை அடக்கியதுதான் காரணமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "இருக்கலாம். தொப்புள்கொடி அழுந்தியிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். அதனால் நானும் உறுதியாகச் சொல்லவில்லை.

ஒன்றில் மட்டும் எனக்குக் கோபம். கடைசியில் பிள்ளை தலை தெரிந்ததும், "இப்ப கொஞ்சம் தம் புடிச்சு முக்கு" என்றார் நர்ஸ். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "இதுக்கு மட்டும்தான்மா" என்றார்.

நாலு மணிக்கு முன்னால் பெண் பிள்ளை பிறந்தது. ஆபரேஷன் இல்லை. கீழே இரண்டு தையல் போட்டார்கள். மருமகள் கடைசியாகப் போட்ட சத்தத்தில் வராந்தாவில் அவள் அம்மா அழுதுவிட்டாளாம். வாட்ச்மேன் கயிற்றை அவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார் என்று அவள் அம்மாவே சொன்னாள். மகன் உப்புப் பூத்த கையோடு வந்து நின்றான். கையைக் கழுவிவிட்டு வா என்று நர்ஸ் விரட்டினார்.

மறுநாள் காலை எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் ஒருத்தி, "மருமக கத்துனது ரோடு வரைக்கும் கேட்டுச்சாமே, மாமியாகிட்டப் படிக்கலையா?" என்று கேட்டாள். "நானும்தான் கத்துனேன்" என்றேன். குரல் வெளியே வரவில்லை. வீட்டுக்கு வந்து வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துவிட்டு, சோறு பொங்கி எடுத்துக்கொண்டு பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.